மதுரை வெயிலுக்கு அதிகம் தண்ணீர் கேட்காத பூச்செடிகள் எவை? தொட்டியிலும் தரையிலும் வைக்க வேண்டும்

குறைவாகத் தண்ணீர் கேட்கும் செடிகள் உண்டு. தண்ணீரே கேட்காத பூச்செடி கிடையாது. பெங்களூர்க் குளிரில் எடுத்த வீடியோவை நம்பி, இங்கே சித்திரை மாதம் நர்சரிக்குப் போய்ச் செடி வாங்கிக் காயவிடுகிறவர்கள் ஏராளம் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

உங்களுக்கு மொட்டை மாடி, உப்பான போர் தண்ணீர், அவ்வப்போது வெளியூர்ப் பயணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

தொட்டிக்கு என் முதல் தேர்வு காகிதப்பூ. 12 முதல் 14 அங்குலத் தொட்டி போதும், வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். "இலையாகத்தான் வளர்கிறது, பூவே இல்லை" என்பார்கள். தினமும் தண்ணீர் ஊற்றி, மாதாமாதம் யூரியாவோ சாணமோ போட்டால் அப்படித்தான் ஆகும். இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். தொங்கியதும் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் மொட்டு வைக்கும். பூ உதிர்ந்ததும் நுனிகளைக் கவாத்து செய்யுங்கள், ஏனென்றால் புதுத் துளிரில்தான் பூ வரும். நர்சரி கவரிலிருந்து செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். இதன் வேர் நூல் போல அறுந்துவிடும். கவரைக் கத்தியால் கீறி, மண் உருண்டையோடு அப்படியே இறக்குங்கள்.

அடுத்தது பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம். இது வெயிலில் சாவதில்லை, ஐப்பசி கார்த்திகை மழையில்தான் சாகிறது. கிழங்கு போலப் பருத்த அடித்தண்டை விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தால் அழுகல் பிடித்துவிட்டது என்று பொருள். செடியைப் பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலைச் சீவி, சாம்பலோ பூஞ்சைக்கொல்லித் தூளோ தடவி, நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, பிறகு நடுங்கள். மண் கலவை செம்மண் ஒரு பங்கு, செங்கல் சல்லியோ பருமணலோ ஒன்றரைப் பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் என்றால் சலித்துத் தூசியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் போல இறுகும். நர்சரிக்காரர் தேங்காய் நார்த்தூளில் வைத்துக் கொடுத்திருந்தால் அதை உதிர்த்துவிடுங்கள். நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் காக்கும், முழுக்கக் காய்ந்தால் ஊற்றிய தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வடியவிடும். இரண்டுமே அடீனியத்துக்கு ஆகாது. ஒட்டுக் கட்டிய செடியில் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனே கிள்ளுங்கள், விட்டால் வேறு நிறத்தில்தான் பூக்கும். இதன் பால் நச்சு, கையைக் கழுவுங்கள்.

டேபிள் ரோஸுக்கு அகலமான, ஆழமில்லாத தொட்டி போதும். மூன்று அங்குலத் தண்டைக் கிள்ளிச் செருகினாலே வேர் பிடிக்கும். நித்தியகல்யாணி விதை தானே விழுந்து முளைக்கும். இதில் பலர் ஏமாறுவது ஒன்றுண்டு. செடி வாடியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றாமல் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகுகிறது. ஊற்றினால் இன்னும் வேகமாகச் சாகும்.

தரைக்கு செவ்வரளி, தங்க அரளி, ஆவாரை, டிசம்பர் பூ. ஆவாரை நாகமலை ஓரமெல்லாம் தானே வளர்வது, செம்மண்ணே அதற்குப் போதும். விதைத் தோல் கெட்டி என்பதால் சுடுதண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். அரளிகள் இரண்டும் முழுக்க நச்சு. சிறு பிள்ளைகளோ ஆடு மாடோ உள்ள வீட்டில் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் இறங்கிவிடும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே வருமாறு அடுக்குங்கள். முதல் கோடை முழுக்க வாரம் இருமுறை தண்ணீர் கட்டாயம். வறட்சி தாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். திருமங்கலம் பக்கம் போலக் கரிசல் என்றால் மேடு கட்டி நடுங்கள், மழையில் தண்ணீர் தேங்கும்.

"எங்கள் வீட்டில் ரோஜாவும் இட்லிப்பூவும் நன்றாகத்தான் இருக்கின்றன" என்று சிலர் எழுதக்கூடும். நல்ல தண்ணீர் கிடைத்தால் இருக்கும், நான் மறுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் இட்லிப்பூவின் புதுத் துளிர், நரம்பு மட்டும் பச்சையாக, மஞ்சளாகிவிடும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் மாதம் ஒருமுறை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றி உப்பை அடித்துளை வழியே வெளியேற்றுங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனாலும் மொட்டுக் காலமான பங்குனி சித்திரையில் அது தண்ணீர் கேட்கும், அதனால் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் காம்பவுண்டுச் சுவர்வரை பேவர் பிளாக் பதித்துவிட்டு, வாசல் வேம்பையும் கார் நிறுத்துவதற்காக வெட்டிவிடுகிறார்கள். மழைத்தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போகிறது. போர் வற்றுகிறது. பிறகு லாரித் தண்ணீர் வாங்கி மாடித் தொட்டிக்கு ஊற்றுகிறார்கள். சுவரோரம் மூன்றடி மண்ணை விடுவதில் என்ன நஷ்டம்? இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அக்கினி நட்சத்திரத்தில் தொட்டிச் செடிகளுக்கு இப்படி: காகிதப்பூவுக்கும் டேபிள் ரோஸுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள், நித்தியகல்யாணிக்கு மேல்மண் காய்ந்ததும், அடீனியத்துக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. எல்லாம் காலை ஏழு மணிக்குள். தளச்சூடு வேருக்கு ஏறாமலிருக்கத் தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள், கறுப்புப் பைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போவதென்றால் தொட்டிகளை மேற்கு வெயில் படாத சுவரோரம் நெருக்கி வைத்து, முந்தின நாள் மாலை நன்றாக ஊற்றி, மேல்மண்ணில் காய்ந்த இலையை இரண்டு அங்குலம் பரப்பிவிட்டுப் போங்கள். அடீனியத்துக்கு மட்டும் இலை போட வேண்டாம், அடியில் தட்டும் வைக்க வேண்டாம்.