வாசகர் கேள்வி: படகு எஞ்சினுக்கு ஆயில் எப்போது?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும்முன் ஆயில் மாற்றினால் போதாதா? மாற்றிய மறுநாளே கறுத்துவிடுகிறதே, கலப்படமா?
– விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

பதில்: போதாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் எஞ்சின் சும்மா நிற்கும். ஓடிய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் அத்தனை நாளும் பேரிங்கை அரிக்கும். படகைக் கட்டும்முன் மாற்றுங்கள். புது ஆயிலோடு ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்தால்தான் கசடும் சேர்ந்து வரும். படகில் ஆயில் வடிக்கும் அடிப்போல்ட்டுக்குக் கை எட்டாது. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாய் வழியே கைப்பம்பால் உறிஞ்சுவது சுலபம். ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புதியதை ஏற்றினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, உட்கார்ந்தபின் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். அளவும் கிரேடும் எஞ்சின் புத்தகப்படி. படகு சாயாமல் மிதக்கும்போது அளவு பாருங்கள்.

கறுப்புக்குக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். டீசல் கரியை ஆயில் தன்னுள் இழுத்துக்கொள்கிறது, அதன் வேலையே அதுதான். பயப்பட வேண்டியது வேறு: பால் கலந்த டீ நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் கூலர், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) இரண்டையும் சோதியுங்கள். உப்புநீர் என்றால் அன்றே வடித்து, புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓட்டி, மறுபடியும் மாற்றவேண்டும். ஆயில் அளவு தானாக ஏறி டீசல் வாடை அடித்தால், டீசல் பம்பிலோ இன்ஜெக்டரிலோ கசிவு.

வடித்ததைக் கேனில் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலில் ஊற்றாதீர்கள்.