‘சம்மதம்’ என்ற கட்டத்தில் கையெழுத்து போடலாமா?

கேள்வி: கணவரின் வேலைக்காகச் செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில் இருக்கிறோம். எதிர்வீட்டில் ஒரு ஜிப்சி குடும்பம். அவர்கள் பெண்ணும் என் மகளும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். ‘குழந்தைக்குப் படிப்பு ஏறவில்லை, மெதுவாகக் கற்பவர்களுக்கான பள்ளிக்கு மாற்றிவிடலாம்’ என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கையெழுத்து போடலாமா? இனச் சான்றிதழ் ஏதாவது காட்ட வேண்டுமா? நான் தலையிட்டால் எங்களுக்குச் சிக்கல் வருமா?

பதில்: அவரிடம் உடனே சொல்லுங்கள், இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு பிள்ளையை அப்படிப்பட்ட பள்ளிக்கு மாற்றச் செக் சட்டத்தில் இடமில்லை.

அந்தச் சம்மதத் தாளுக்கு முன்னால் இன்னொரு தாள் இருந்தாக வேண்டும். ‘பொராட்னா’ என்கிற கல்வி ஆலோசனை மையம் குழந்தையைச் சோதித்துப் பரிந்துரை எழுதியிருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பரிந்துரை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மறு ஆய்வு கோரலாம். பலர் கோட்டை விடுவது இந்த 30 நாளைத்தான். வாங்கிய தேதியைத் தாளின் மூலையிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்ட மாற்றத்தின்படி, துணை ஆசிரியர் போன்ற உதவிகளைச் சாதாரணப் பள்ளியிலேயே பெற அந்தக் குழந்தைக்கு உரிமை உண்டு. அவற்றில் எதைச் செய்து பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்துதான் இதற்கான பெரிய வழக்கே போனது. 1990களில் ஒஸ்ட்ராவாவில் ஒரு ரோமா பிள்ளை (நீங்கள் ‘ஜிப்சி’ என்று எழுதிய மக்களின் பெயர் இதுதான்) மெதுவாகக் கற்பவர்களுக்கான ‘சிறப்புப் பள்ளி’யில் சேர்க்கப்படும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட 27 மடங்கு அதிகம். 18 பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள். செக் அரசியல் சாசன நீதிமன்றம் 1999இல் தள்ளுபடி செய்தது. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் 2006இல் முதல் சுற்றில் தோல்வி. 2007 நவம்பர் 13 அன்று அதே நீதிமன்றத்தின் 17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு, 13க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு. அதற்குள் பலர் பள்ளி வயதையே தாண்டிவிட்டார்கள். அதனால்தான் இப்போதே, ஒன்றாம் வகுப்பிலேயே விழித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சம்மதம் பற்றிய பகுதி. ‘பெற்றோரே கையெழுத்து போட்டிருக்கிறார்களே’ என்பது அரசின் வாதம். இன அடிப்படையில் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை யாரும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அவர் ஏற்கெனவே கையெழுத்து போட்டிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. பாகுபாடு காட்ட வேண்டும் என்ற எண்ணம் பள்ளிக்கு இருந்ததாக நிரூபிக்கவும் தேவையில்லை. விளைவு ஓர் இனத்தின் மீதே விழுகிறது என்று புள்ளிவிவரம் காட்டினால், அதற்கு நியாயம் சொல்லும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போய்விடும்.

நம் ஊர் சாதிச் சான்றிதழ் மாதிரி எதுவும் அங்கே கிடையாது. யாரும் கேட்கவும் கூடாது. தன் இனம் எது என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்று செக் உரிமைச் சாசனத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ஐரோப்பிய கவுன்சிலின் தேசியச் சிறுபான்மையினர் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. ரோமா மக்களைப் பொறுத்தவரை இது வெறும் சட்ட வாசகம் இல்லை. 1927இல் செக்கோஸ்லோவாக்கியா கொண்டுவந்த சட்டம் அவர்களுக்குக் கைரேகை பதித்த தனி அடையாள அட்டை கொடுத்தது. பிறகு நாஜி ஆட்சியில் அவர்களை லெட்டி, ஹொடோனீன் முகாம்களுக்கும் அங்கிருந்து ஆஷ்விட்சுக்கும் கொண்டு போனார்கள். செக் மண்ணின் ரோமா மக்களில் பெரும்பாலானோர் திரும்பி வரவேயில்லை. இனப் பெயரைப் படிவத்தில் எழுத அந்தக் குடும்பம் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். எழுதாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு.

கடிதத்தில் ‘ஜிப்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமா என்றே சொல்லுங்கள். செக் மொழியில் அதற்கு இணையான ‘சிகான்’ என்ற சொல் அவர்கள் காதில் வசவாகவே விழும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பல்கேரியாவில் டுப்னிட்சா என்ற ஊரில், ரோமா மக்கள் அதிகம் வாழும் பேட்டையில் மட்டும் மின்சார மீட்டர்களைக் கம்பத்தில் 6, 7 மீட்டர் உயரத்தில் மாட்டினார்கள். மற்ற இடங்களில் ஆள் உயரம், 1.70 மீட்டர்தான். அண்ணாந்து பார்த்தாலும் எண் தெரியாது. வழக்குப் போட்டவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்த, ரோமா அல்லாத ஒரு பெண்மணி. ரோமா மக்களோடு சேர்ந்து பாதிக்கப்பட்டவருக்கும் ஒன்றியத்தின் இனச் சமத்துவச் சட்டம் பொருந்தும் என்று 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சட்டம், புகார் செய்ததற்காக யாரையும் பழிவாங்குவதையும் தடுக்கிறது. அதனால் நீங்கள் தாளைப் படித்துச் சொல்லலாம், துணைக்குப் போகலாம். புகாரை மட்டும் அந்த அம்மா தன் பெயரிலேயே எழுதட்டும். பிரனோ நகரில் உள்ள பொது உரிமைப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. அவர்கள் கருத்துதான் சொல்வார்கள். இழப்பீடு வேண்டுமென்றால் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பாகுபாட்டைத் தடுப்பதில் இருக்கும் பலம், மொழியையும் பண்பாட்டையும் காப்பதில் சட்டத்துக்கு இல்லை. சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் செக் அரசு ரோமானி மொழியைப் பொதுவான கடமைகளின் கீழ் மட்டுமே சேர்த்திருக்கிறது. பள்ளியில் கற்றுத்தர வேண்டும் என்று கறாராக வலியுறுத்த அது போதாது. ஆனால் மொழி இங்கே வேறு விதத்தில் கைகொடுக்கும். அந்த வீட்டில் தண்ணீரைப் ‘பானி’ என்று சொல்கிறார்களா, கவனித்துப் பாருங்கள். இந்தியாவின் வடபகுதியிலிருந்து போன மொழி அது. வீட்டில் அதைப் பேசி வளர்ந்த குழந்தை, செக் மொழியில் வைத்த சோதனையில் தடுமாறினால் அதை அறிவுக் குறை என்று எழுதக் கூடாது. 2007 தீர்ப்பிலும் அந்தச் சோதனைகள் இப்பிள்ளைகளின் பின்னணியைக் கணக்கில் எடுக்கவில்லை என்ற குறை பேசப்பட்டது.

நாளைக்குப் பள்ளிக்குக் கூடப் போவதாக இருந்தால் மூன்றே கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது? குழந்தை வீட்டில் பேசும் மொழி எது என்று யாராவது விசாரித்தார்களா? இந்த வகுப்பிலேயே அவளை வைத்துக்கொள்ள இதுவரை என்ன உதவி கொடுத்தார்கள்?