‘திருச்சியில எந்தத் தெரு?’

மேடம், வணக்கம்.

எனக்கு 32 வயது. ஒரு தொலைக்காட்சியில் ஏழு வருடமாகத் தொகுப்பாளினியாக இருக்கிறேன். காலை நிகழ்ச்சி, பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சி, எப்போதாவது ஒரு ஆடியோ விழா. ‘எவ்வளவு அழகா தமிழ் பேசுறீங்க, எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் என் பிரச்சினை.

அப்பா அம்மா இலங்கையில், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர்கள். 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் சில மாதம் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர்கள். நான் பிறந்தது வளசரவாக்கத்தில். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இலங்கைத் தமிழர் என்றால் வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவல் நிலையத்தில் பதிந்திருந்தார்கள், வீட்டுக்காரருக்கும் தெரியும். அக்கம்பக்கத்துக்கு மட்டும் ‘திருச்சிப் பக்கம்’. கேட்டைத் தாண்டினால் ‘கதைக்க’க் கூடாது, ‘பேச’ வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். ‘ஓம்’ கிடையாது, ‘ஆமா’. அம்மம்மா கிடையாது, பாட்டி. நாலு வயதிலேயே எனக்கு அத்துப்படி. செருப்பு மாட்டும்போதே நாக்கும் மாறிவிடும்.

இப்போதும் அப்படித்தான். அம்மா போன் செய்தால் ஸ்டுடியோ மாடிப்படிக்குப் போய்த்தான் எடுப்பேன். ஒருமுறை மேக்கப் அறையிலேயே ‘ஓம் அம்மா, பேந்து எடுக்கிறன்’ என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு உதவி இயக்குநர் என்னைப் பார்த்தாலே ‘என்ன, சுகமோ?’ என்று இழுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும். டொரன்டோவில் இருக்கும் சித்தி பிள்ளைகளோ, ‘நீ இந்தியாக்காரி மாதிரியெல்லோ கதைக்கிறாய்’ என்கிறார்கள்.

போன பொங்கல் நிகழ்ச்சியில் விருந்தினராக வந்த நடிகர் திடீரென்று, ‘உங்களுக்கு எந்த ஊரு?’ என்றார். ‘திருச்சி சார்’ என்றேன். யோசிக்கவே இல்லை. ஒளிபரப்பானபோது அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். எழுந்து போய் சொதியைச் சூடாக்கினார். இடியப்பத்தைத் தட்டில் வைக்கும்போது, ‘திருச்சியில எந்தத் தெரு எண்டு அவர் கேக்கேல்லையோ?’ என்றார். அவ்வளவுதான். அப்பா போய் ஐந்து வருடம். இருந்திருந்தால் சரியாகத்தான் சொன்னாய் என்றிருப்பாரோ என்னவோ.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நேரலைக்கு முன் தொண்டை அடைக்கிறது. நான் ஒரு ஏமாற்றுக்காரியா மேடம்?

பெயர் வேண்டாம், வளசரவாக்கம்.

அன்புள்ள தோழிக்கு,

பேச்சு, ஊர் என்று இரண்டு விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

பேச்சை மாற்றிக்கொள்வதில் ஏமாற்று எதுவும் இல்லை. நான் நாகர்கோவில்காரி. அக்காவிடம் நான் போனில் பேசுவது என் மகனுக்குப் பாதிதான் புரியும். ஆலோசனை அறையில் அப்படியா பேசுகிறேன்? 1970களில் எங்கள் வீட்டு ரேடியோ முள் இலங்கை வானொலியை விட்டு நகராது. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்ற அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்காகவே பாட்டு கேட்டவர்கள் இங்கே எத்தனையோ பேர். அது மைக்குக்கென்று வைத்திருந்த தமிழ், வீட்டில் சோறு கேட்கிற தமிழ் இல்லை. ஆனால் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

ஊர் விஷயம் வேறு. திருச்சி என்றது பொய்தான், மழுப்ப மாட்டேன். ஆனால் அது நீங்கள் பொங்கல் மேடையில் உண்டாக்கிய பொய் இல்லை. நீங்கள் பிறக்கும் முன்பே, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதற்காக உங்கள் அப்பா சொல்லி வைத்தது. அன்றைய நிலைமையில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கல் என்னவென்றால், ‘வெளியே சொல்லாதே’ என்றால் பிள்ளைக்கு வாடகைக் கஷ்டமெல்லாம் விளங்காது. நம்மிடம் மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்பது மட்டும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வளர்ந்து, சம்பாதித்து, ஊரே முகம் பார்த்துப் பேசும் நிலைக்கு வந்த பிறகும் உடம்பு அந்தக் காவலை விடாது. நேரலையில் தொண்டை அடைப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பதிவு செய்கிற நிகழ்ச்சி என்றால் ஒரு ‘ஓம்’ தவறி விழுந்தாலும் எடிட்டிங்கில் வெட்டிவிடலாம். நேரலையில் அது முடியாதே.

அதனால் மாடிப்படியிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த முறை அம்மா கூப்பிட்டால் மேக்கப் அறையிலேயே எடுங்கள். ஒரு நிமிடம் போதும். நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும். நாலைந்து தடவை ஆனால் குறையும். அந்த உதவி இயக்குநர் இழுத்தால், நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள். ‘அது எங்க வீட்டுத் தமிழ் சார், கிண்டல் வேணாம்’ என்று சாதாரணமாக ஒரு தடவை சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரிடம் சொல்லலாம், அதில் தப்பில்லை.

திரையில் போய் எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா என்றால், வேண்டாம். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். அதுவும் இது பாதி அம்மாவின் கதை, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அவருக்குச் சரி என்றால் ஒரு வரி தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: ‘பிறந்து வளர்ந்தது சென்னை, அப்பா அம்மாவுக்குப் பருத்தித்துறை.’ ப்ராம்ப்டர் இல்லாமல் லிங்க் பேசிப் பழகியவர் நீங்கள். இதையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள், ‘திருச்சி சார்’ வந்த வேகத்திலேயே இது வரும்வரை. தூக்கம் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் சீராகாவிட்டால், கடிதத்தோடு நிற்காமல் நேரில் ஒரு உளவியலாளரைப் பாருங்கள்.

அம்மா கோபத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் திருச்சிக்கு முப்பது வருடமாக அவரும்தானே தலையாட்டியிருக்கிறார். பருத்தித்துறையில் அவர்கள் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் ஊர் இருக்கிறது, தெரு இல்லை. அடுத்த தடவை அவர் இடியப்பம் பிழியும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள், அந்த மாடிப்படித் தமிழிலேயே.