பவர் பெட்ரோலில் 600 போகிறது, கார்டில் 2,640 போகிறது

கேள்வி: பல்லடம் பக்கம்ங்க. நூல் புரோக்கர் வேலை. சோமனூர், மங்கலம், கருமத்தம்பட்டி என்று மாதம் 1,200 கிலோமீட்டர் காரில் சுற்றுவேன். 2018 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, மைலேஜ் 16. எத்தனால் பெட்ரோல் இஞ்சினை அரித்துவிடும் என்று மச்சினன் சொன்னதிலிருந்து ஒரு வருடமாகப் பவர் பெட்ரோல்தான் போடுகிறேன். அவர் சொல்லித்தான் பெட்ரோல் கிரெடிட் கார்டும் வாங்கினேன். அவர் பேரிலும் ஒரு ஆட்-ஆன் கார்டு இருக்கிறது. தீபாவளிக்கு அதில் ஏ.சி.யும் போனும் எடுத்தார். மாதாமாதம் தருவதாகச் சொன்னது இரண்டு தவணையோடு நின்றுவிட்டது. நான் மாதம் 11,000 தவறாமல் கட்டுகிறேன், பாக்கி 64,000-இல் அப்படியே நிற்கிறது. 100 ஆக்டேனுக்கு மாறினால் மைலேஜ் ஏறி ஏதாவது மிச்சமாகுமா? வீட்டில் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லைங்க.

பதில்: ஆகாதுங்க. 100 ஆக்டேன் பக்கமே போகாதீர்கள், பவர் பெட்ரோலையும் இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் உங்கள் பணம் முக்கியமாகப் போகும் வழி பெட்ரோல் இல்லை. அதற்கு முன் பெட்ரோல் கணக்கை முடித்துவிடுவோம்.

1,200 கிலோமீட்டருக்கு, 16 மைலேஜில், 75 லிட்டர். சாதா பெட்ரோலைச் சுமார் 102 ரூபாய், பவரைச் சுமார் 110 என்று வைத்துக்கொண்டால் மாதம் 600 ரூபாய் கூடுதல், வருடத்துக்கு 7,200. அந்தக் காசு திரும்ப வரவேண்டுமானால் மைலேஜ் 16-இலிருந்து 17¼-க்கு ஏற வேண்டும். 100 ஆக்டேன் லிட்டர் 160 ரூபாய் அளவில் விற்கும். அதற்கு மைலேஜ் 25 கிடைத்தால்தான் கட்டுபடியாகும். உங்கள் வண்டியில் இரண்டுமே நடக்காது.

காரணம் எளிது. ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் இல்லை. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. உங்கள் இஞ்சினின் ஸ்பார்க் டைமிங் 91 ஆக்டேனுக்கே அமைக்கப்பட்டது. அந்த எரிபொருளில் அது தட்டல் சத்தம் இல்லாமல் ஓடுகிறதென்றால், மேலே எத்தனை ஆக்டேன் கொடுத்தாலும் அதை வைத்துக்கொண்டு செய்ய அந்த இஞ்சினுக்கு வேலை இல்லை. பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ குறைந்தபட்சம் 95 என்று போட்டிருக்கும் வண்டிகளுக்குத்தான் உயர்ந்த ரகம் அவசியம். பெரும்பாலும் அவை இறக்குமதி டர்போ கார்கள்.

எத்தனால் பயத்துக்கும் இது மருந்து இல்லை. பவர் 95 வகைகளும் எத்தனால் கலந்துதான் வருகின்றன. போதாததற்கு, 20 சதவீத எத்தனால் கலந்தபின் சாதா பெட்ரோலே 95 ஆக்டேன் அளவுக்கு வந்துவிடுகிறது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. அதே மாதம் கொடுத்த விளக்கத்தில், எத்தனாலுக்கென்று வடிவமைக்காத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்றும், பழைய வண்டிகளில் 20,000–30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்றும் சொல்லியிருந்தது. உங்கள் 2018 மாடலுக்கு இது பொருந்தும். அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ ஈரக்கசிவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பவருக்குக் கொடுக்கும் ஒரு வருடக் காசில் இந்த வேலை முடிந்துவிடும்.

வால்பாறை ஏறும்போது இஞ்சினில் தட்டல் சத்தம் கேட்டால் முதலில் ஒரு கியர் இறக்குங்கள். 40 கொண்டை ஊசி வளைவையும் மூன்றாவது கியரிலேயே இழுத்தால் எந்தச் சிறிய இஞ்சினும் தட்டத்தான் செய்யும். கியர் இறக்கியும் நிற்கவில்லையென்றால் கார்பன், ஸ்பார்க் பிளக், கூலன்ட் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கார்டுக்கு வருவோம். குறைந்தபட்சத் தொகைக்கு மேலேயே கட்டுகிறோம் என்று நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். ஸ்டேட்மென்டை எடுத்து, ஃபைனான்ஸ் சார்ஜஸ் என்ற வரியையும் அதற்கடுத்த ஜி.எஸ்.டி வரியையும் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம் வாக்கில் இருக்கும். 64,000-க்கு 2,240, அதன்மேல் 18 சதவீத வரி 400, ஆக 2,640 ரூபாய். மாதாமாதம் கார்டில் ஏறும் உங்கள் பெட்ரோல் 8,250. இரண்டையும் கூட்டினால் 10,890. நீங்கள் கட்டுவது 11,000. பாக்கி ஏன் அசையவில்லை என்பதற்கு இதுதான் விடை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. பாக்கியை முழுதாகக் கட்டாமல் மாதம் மாறிவிட்டால், வட்டியில்லாத 45 நாள் சலுகை போய்விடும். அதன்பின் பங்க்கில் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்து பெட்ரோல் போட்டுக்கொண்டு, பாயின்டு சேர்கிறது என்று இருப்பதில் பொருளே இல்லை. பாயின்டு மதிப்பை 4 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் 8,250-க்கு 330 ரூபாய்தான். 2,640-ஐக் கொடுத்து 330-ஐ வாங்குகிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. இன்றிலிருந்து பெட்ரோலுக்கு ரொக்கம் அல்லது யு.பி.ஐ மட்டும். வண்டியை நிறுத்தியதும், பையன் நாஸிலை எடுப்பதற்குமுன் "சாதா" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமலே பவர் நாஸிலை மாட்டும் பங்க்குகள் இருக்கின்றன. பில்லில் ரகத்தின் பெயர் சரியா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து 64,000-ஐ ஒரே தடவையில் அடைக்க வேண்டும். வீட்டில் சும்மா இருக்கும் நகை ஒன்றை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ வையுங்கள். வட்டி வருடம் 10 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் முதல் மாதம் 530 ரூபாய் சொச்சம். நீங்கள் கட்டிவந்த அதே 11,000-இல் சாதா பெட்ரோலுக்கு 7,650 போக 3,350 மிச்சம். அதை மாதாமாதம் நகைக்கடனில் செலுத்தினால் 21 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி சுமார் 6,000. கார்டிலோ வருடத்துக்கே 31,000-க்கு மேல் வட்டி போகிறது. வைப்பதற்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: இடையிடையே அசலில் கட்ட விடுவார்களா, 12 மாதம் முடிந்ததும் மீதிக்குத் திருப்பி வைக்க என்ன செலவாகும்? அசலில் வாங்க மாட்டோம் என்றால் வேறு கிளைக்குப் போங்கள். தெரிந்த பைனான்ஸ்காரர் என்று தண்டலுக்கோ மீட்டர் வட்டிக்கோ போய்விட வேண்டாம்.

நகை வைக்க வீட்டில் மனமில்லை என்றால், பாக்கியைத் தவணையாக மாற்றித்தரும்படி கார்டு வங்கியிடமே கேட்கலாம். வட்டி நகைக்கடனைவிட அதிகம்தான், பிராசஸிங் கட்டணமும் வட்டியின்மேல் ஜி.எஸ்.டியும் சேரும், இருந்தாலும் இப்போது கட்டும் வட்டியைவிடக் குறைவாகவே வரும். இந்த நேரத்தில் போன் செய்து, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்குப் புதுக் கார்டு தருகிறோம், லிமிட் ஏற்றுகிறோம் என்பார்கள். ஒன்றுக்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

மச்சினன் விஷயத்தில் தயங்கக் கூடாது. ஆட்-ஆன் கார்டில் யார் செலவு செய்தாலும் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். சிபில் மார்க் அடிபடுவதும் உங்களுடையதுதான். அந்தக் கார்டை இன்றே ஆப்பில் பிளாக் செய்து, பிறகு வங்கிக்கு மெயிலில் எழுதி ரத்து செய்யுங்கள். அவரிடம் வட்டியைப் பற்றிப் பேச வேண்டாம், பேச்சு சண்டையில் முடியும். ஏ.சி, போன் இரண்டின் பில்லையும், அவர் கொடுத்த இரண்டு தவணையையும் ஒரே தாளில் எழுதி, மீதி இவ்வளவு என்று காட்டுங்கள். உங்கள் வீட்டம்மாவும் உட்கார்ந்திருக்கும்போது காட்டுங்கள். அவருடைய தம்பி, கணக்கு அவருக்கும் தெரியட்டும். மாதம் 3,000 என்று ஒரு தேதி குறித்து, அது நேராக நகைக்கடன் கணக்குக்கே போகும்படி வையுங்கள். அது ஒழுங்காக வந்தால் 21 மாதம் 11 ஆகக் குறையும். அவர் ஏதாவது சீட்டுப் போட்டிருந்தால், எடுக்கும் மாதம் எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மைலேஜுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய ஆசை என்றால் காற்றும் பிரேக்கும் பாருங்கள். டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, காலையில் டயர் சூடேறுமுன் காற்று பிடியுங்கள், 15 நாளுக்கு ஒருமுறை. 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். எதிர்ப்பக்கச் சக்கரத்தைவிட ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். காலிப்பர் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.