ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்

கேள்வி: என் தம்பி ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஆறு வருடமாக ஃபினிஷிங் செக்‌ஷனில் இருக்கிறான். குடியை விட ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தால், “குடிகாரனுக்கு இடமில்லை, ராஜினாமா எழுதிக் கொடு” என்கிறார் மேனேஜர். அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறதாமே, இங்கே இல்லையா?
- ஒரு சகோதரி, வாலாஜா

பதில்: எழுதிக் கொடுக்க வேண்டாம். வெள்ளைத்தாளில் கையெழுத்தும் கூடாது. அவர்கள் நீக்கினால் கேட்க இடமுண்டு. தானே விலகியவருக்காக யார் வாதாடுவது?

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் போதையிலிருந்து மீண்டவரைக் காக்கிறது. வேலை நேரத்தில் குடித்தால் அங்கேயும் தப்ப முடியாது. அவ்வளவு நேரடியான சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலக் கோளாறும் நோய்தான். முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து இன்றும் நோயாளி என்று முடிவுகட்டக் கூடாது. சிகிச்சை விவரம் ரகசியம். ஆலை நிலையாணைகள், அதாவது ஆலையின் வேலை விதிகள், வழக்கமாகக் குற்றம் என்பது வேலை நேரத்தில் போதையில் இருப்பதைத்தான். போன வருடக் குடியை அல்ல.

மேனேஜருக்கும் இது தெரியும். அதனால் சார்ஜ் ஷீட்டில் குடி என்ற பேச்சே இருக்காது. ‘பத்து நாளுக்கு மேல் லீவு சொல்லாமல் வரவில்லை’ என்றுதான் இருக்கும். வெட்கப்பட்டு “ஊருக்குப் போயிருக்கான்” என்று போனில் சொல்லி வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஆபீசில் நீட்டாதீர்கள். எத்தனை வருடக் குடி, தினம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை உள்நோயாளி, என்று முதல் வேலைக்குத் தகுதி என்பது மட்டும் உள்ள சான்றை டாக்டரிடம் கேளுங்கள். அதோடு, ‘இந்தத் தேதியில் வேலைக்கு வந்தேன், திருப்பி அனுப்பினார்கள்’ என்று கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொண்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஈஎஸ்ஐ கார்டு இருந்தால் டிஸ்பென்சரி டாக்டரின் சான்றும் வேண்டும். தகுதி இருந்தால் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். அட்மிட் ஆகுமுன் டிஸ்பென்சரிக்குப் போவதுதான் சுலபம். முடிந்த பிறகு போனால் அலைச்சல்.

சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். நீக்கிவிட்டால் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் முடியவில்லை என்றால் வழக்கு. தள்ளிப்போடாதீர்கள்.

ஃபினிஷிங் என்கிறீர்களே, டாக்டர் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஆகாமல் செய்து குடியை விடவைக்கும்) மாத்திரை கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தோல் பூச்சுக்கான சில தின்னர், லாக்கர்களில் ஆல்கஹால் உண்டு. அந்த மாத்திரை போட்டவர் ஸ்பிரே பக்கம் நின்றால் அந்த ஆவியிலேயே முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வரலாம். பார்ப்பவர்கள் “பழையபடி குடித்துவிட்டான்” என்பார்கள். ‘சால்வென்ட் ஆவி ஆகாது’ என்று ஒரு வரிச் சான்று வாங்கி வேறு செக்‌ஷன் கேட்கச் சொல்லுங்கள். மாத்திரையின் பெயர் அதில் வேண்டியதில்லை. கேட்டில் ஊதச் சொன்னால் ஊதட்டும். மவுத்வாஷ் கொப்பளித்திருந்தாலும் கருவி காட்டிவிடும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வைத்து, இரண்டு அளவையும் எழுதி வாங்க வேண்டும்.