டிஎன்ஏ கார்டு இருந்தால் நோய் இல்லையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மொட்டை மாடியில் எட்டு லவ் பேர்ட்ஸும் ஒரு ஜோடி சன் கன்யூரும் வளர்க்கிறேன். இரண்டு மாதம் முன்பு வாங்கிய ஆப்பிரிக்கன் கிரே கிளிக் குஞ்சுக்கு இப்போது இறகு கொட்டுகிறது. முதுகில் சாம்பல் இறகுக்கு நடுவே சிவப்பு முளைக்கிறது. விற்றவர் டிஎன்ஏ கார்டு கொடுத்து, நோய் எதுவும் இல்லை என்கிறார். வைரஸாக இருக்குமா டாக்டர்?

பதில்: அந்தக் கார்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் இருக்கும். வைரஸ் சோதனையைத் தனியாகக் கேட்டிருந்தால்தான் அதன் பெயரும் முடிவும் அச்சாகியிருக்கும்.

கொட்டிய இறகு ஒன்றை வெளிச்சத்தில் பிடியுங்கள். பருவத்துக்கு உதிர்ந்ததென்றால் தண்டு நேராக, அடி சுத்தமாக இருக்கும். அலகு-இறகு நோயில் (பிபிஎஃப்டி) தண்டின் அடி நூலால் இறுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும், உள்ளே ரத்தம் உறைந்து கறுத்திருக்கும், மேலுறை கழன்றிருக்காது. தலை இறகையும் கவனியுங்கள். பறவை தானே பிடுங்கினால் தலைக்கு அலகு எட்டாது. அங்கும் கெட்டிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சிவப்பு இறகு வேறு காரணங்களாலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

இந்த நோயைத் தருவது சர்க்கோ வைரஸ். அதற்கு, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை. ரத்தமும் இறகும் இரண்டுமே அனுப்ப வேண்டும். ரத்தம் 0.2 மி.லி. போதும், 400 கிராம் பறவைக்கு அது ஒன்றுமில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ஹெப்பாரின் குழாய் பிசிஆரைக் கெடுக்கும். நகத்தை வெட்டிச் சொட்டவிட்டு எடுக்கும் பழக்கம் உண்டு, வேண்டாம். நகத்தில் ஒட்டிய கூண்டுத் தூசி போதும், நோயில்லாத பறவைக்கும் 'பாசிட்டிவ்' வந்துவிடும். இறகு நான்கைந்து, மார்பிலிருந்து வேரோடு பிடுங்கியது. தரையில் கிடந்ததும் கத்தரித்ததும் உதவாது. ஒவ்வொரு பறவைக்கும் கையுறையும் இடுக்கியும் மாற வேண்டும். எச்சத் துவாரத்தில் பஞ்சுக் குச்சியால் ஸ்வாபும் எடுத்து, பாலியோமா என்ற இன்னொரு வைரஸுக்கும், மனிதருக்கும் தொற்றும் கிளமிடியா என்ற பாக்டீரியாவுக்கும் பார்த்துவிடுங்கள். திருச்சூர் அருகே மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோவதாக இருந்தால், எந்தெந்தச் சோதனை செய்கிறார்கள் என்று முதலில் போன் செய்து கேளுங்கள்.

இறகும் கெட்டு, பாசிட்டிவும் வந்தால் நோய்தான். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. இறகு நன்றாக இருந்து பாசிட்டிவ் வந்தால் 90 நாள் கழித்து மறுபடி பாருங்கள், சில பறவைகள் தாமே வென்றுவிடும். பலர் ஏமாறுவது நெகட்டிவில்தான். கிரே குஞ்சுகளுக்கு இந்த வைரஸ் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுவதால் ரத்தத்தில் அகப்படாமல் போகலாம். அதனால் வெள்ளணு எண்ணிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். லவ் பேர்ட்ஸ் வெளியே தெரியாமல் வைரஸைச் சுமக்கக் கூடியவை. அவற்றையும் சோதிக்காமல் விட வேண்டாம்.

முடிவு வரும்வரை கிரேயைக் கீழே, கதவு மூடிய அறையில் வையுங்கள். மாடியிலேயே மறு ஓரத்துக்குத் தள்ளுவதில் பயனில்லை. வைரஸ் இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவுகிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீனியும் தண்ணீரும் அதற்குக் கடைசியாக வையுங்கள், பிறகு சட்டையை மாற்றுங்கள்.

ஒருவேளை பறவை இறந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பாலித்தீன் கவரில் கட்டி, ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் அன்றே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்தால் செல்கள் உடைந்து, நுண்ணோக்கியில் பார்க்க எதுவும் மிஞ்சாது.