புரொசீஜரா, குவெரியா? செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கடிதம்

வணக்கம் சார்,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு வெப் அப்ளிகேஷன் செய்து தரும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். யாரிடம் எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம், கூலி எல்லாம் அதில் ஏறும். கோடு டாட் நெட்டில், டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர். பட்டறைக்கு ஒரு டேட்டாபேஸ். எங்கள் சீனியர் அண்ணன், “எல்லாம் ஸ்டோர்ட் புரொசீஜரில்தான் (டேட்டாபேஸுக்குள்ளேயே பெயர் போட்டுச் சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு) இருக்கணும், அதுதான் வேகம், பாதுகாப்பு” என்கிறார். புதிதாக வந்த தம்பி சி ஷார்ப் கோடுக்குள்ளேயே குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) எழுதுகிறார். தினமும் வாக்குவாதம். யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வேகம் பற்றி அண்ணன் சொல்வது ஒரு காலத்தில் சரி. எஸ்க்யூஎல் சர்வர் 6.5 வரை புரொசீஜரைப் பாதி கம்பைல் செய்து வைத்துக்கொள்ளும். 1998இல் 7.0 வந்ததும் அந்தத் தனிச் சலுகை போயிற்று. இப்போது எந்தக் குவெரி வந்தாலும் முதல் தடவை அதை எப்படி ஓட்டுவது என்று பிளான் போட்டு கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்கிறது. பேராமீட்டர் வைத்து, அதாவது மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும்படி, கோடுக்குள் எழுதிய இன்லைன் குவெரிக்கும் அதே மரியாதைதான்.

தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேராமீட்டர் சேர்க்க ஆட்வித்வேல்யூ போட்டு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) அனுப்பினால் அது என்வார்ச்சர் என்ற யூனிகோட் வகையாகப் போகும். டேபிளில் மொபைல் எண் பத்தி வார்ச்சர் என்ற வேறு வகையாக இருந்தால், கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும் விதியை) பொறுத்து, இண்டெக்ஸ் இருந்தும் தேடல் முழு இண்டெக்ஸையும் துழாவும். போதாததற்கு, ஸ்ட்ரிங்கின் நீளம் மாறும்போதெல்லாம் கேஷில் புதுப் பிளான். டைப்பையும் நீளத்தையும் கையால் எழுதிவிட்டால் தீர்ந்தது. ‘இன்லைன் மெதுவு’ என்ற புகார் பல இடங்களில் இப்படித்தான் கிளம்புகிறது.

அடுத்து பாதுகாப்பு. ஏற்காட்டிலிருந்து டி'சௌசா என்று ஒரு வாடிக்கையாளர் வருகிறார் என்று வையுங்கள். பெயரை அப்படியே குவெரியோடு ஒட்டினால், நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியில் ஸ்ட்ரிங் முடிந்துவிடும், மிச்சம் ‘சௌசா’ கட்டளையாகிவிடும். பில் போடுகிறவருக்கு எரர். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் அதே இடத்தில் தனக்கு வேண்டிய கட்டளையை எழுதுவான். இதைத் தடுப்பது பேராமீட்டர், புரொசீஜர் அல்ல. புரொசீஜருக்கு உள்ளேயே ஸ்ட்ரிங்கை ஒட்டி எக்ஸெக் செய்தால் (கட்டளையாக ஓட்டினால்) டி'சௌசா அங்கேயும் உடைப்பார். அண்ணனின் தேடல் திரைப் புரொசீஜரை ஒருமுறை திறந்து பாருங்கள். நான் பார்த்தவற்றில் இந்த ஓட்டை அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

ஆனால் அண்ணனிடம் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. வெப் அப்ளிகேஷனின் லாகினுக்கு டேபிள் உரிமையே கொடுக்காமல், புரொசீஜரை ஓட்டும் உரிமை மட்டும் தரலாம். டேபிளுக்கும் புரொசீஜருக்கும் ஓனர் ஒருவரே என்றால் இது தடையில்லாமல் ஓடும். பாஸ்வேர்ட் கசிந்தாலும் வெள்ளிக் கணக்கை நேரடியாக யாரும் திருத்த முடியாது. இன்லைனில் இவ்வளவு கறார் கிடைக்காது.

அப்படியும் என் ஓட்டு பெரும்பாலும் தம்பிக்குத்தான். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பட்டறைக்கு ஒரு டேட்டாபேஸ். ஒருவர் அவசரமாக போன் செய்வார், சேதாரக் கணக்கை அவருடைய சர்வரில் மட்டும் மாற்றிக் கொடுப்பீர்கள். இன்னொருவருக்கு வேறு மாதிரி. வருஷம் திரும்பினால் ஒரே பெயரில் ஆளுக்கு ஒரு புரொசீஜர். எது அசல் என்று அண்ணனுக்கே தெரியாது. குவெரி கோடில் இருந்தால் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாறு இருக்கும், அப்ளிகேஷனோடு சேர்ந்தே எல்லோருக்கும் போகும். புரொசீஜரையும் கிட்டில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம்தான். வைத்த பிறகும் சர்வரில் நேராகக் கை வைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் நடப்பதில்லை.

வெள்ளி வரவு செலவை மட்டும் புரொசீஜரிலேயே விட்டுவிடுவேன். வெள்ளிக் கட்டி கொடுக்கும்போது ஆளின் கணக்கில் பற்று, இருப்பில் குறைவு, ரசீது எண், எல்லாம் ஏறினால் முழுதும், இல்லையென்றால் எதுவுமே இல்லை என்று ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏற வேண்டும். கோடிலிருந்தும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நெட்வொர்க்கில் போய்வரும் நேரம் முழுக்க லாக் (மற்றவர் தொடாதபடி பூட்டு) பிடித்திருக்கும். காலையில் நாலு பேர் ஒரே இருப்பிலிருந்து வெள்ளி வாங்க நின்றால் திரை தொங்கும். தேடல் திரைகள் இதற்கு நேர் எதிர். நிரப்பிய பெட்டிகளுக்கு மட்டும் நிபந்தனை சேர்ப்பது கோடில் சுலபம். அங்கேயும் பேராமீட்டர்தான், மறக்க வேண்டாம்.

சண்டையைத் தொடர்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா டேட்டாபேஸிலும் சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ் (sys.sql_modules) என்ற சிஸ்டம் பட்டியலில் இருக்கும் புரொசீஜர் உரைகளை எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால், எது யாருக்காக மாற்றியது என்று அண்ணனையே உட்காரவைத்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். அது முடியும்வரை தம்பி ஒரு புரொசீஜரையும் கோடுக்கு மாற்றக் கூடாது.